குரூப் போட்டோவின் ஓரத்தில் நிற்பது யார்?

கடந்த சித்திரையில் எங்கள் குலசாமி கோயிலில் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. விருதுநகர் பக்கம், சுற்றிலும் கருவேலங்காடு, நடுவில் தகரக் கொட்டகை போட்ட சின்னக் கோயில். கிடா வெட்டி, பந்தி முடிந்து, வேன் கிளம்பப் போகிற நேரத்தில் ஒரு மாமா சத்தம் போட்டார்: "ஏய், எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுத்துருவோம்ப்பா!" மணி 1.10. மீடியா படித்தவன் என்பதால் இந்த மாதிரி வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். 47 பேர். சட்டகத்துக்குள் அடங்கவில்லை. போனை 0.5-க்கு மாற்றினேன். மூன்று கிளிக். முடிந்தது.

அந்தப் படத்தின் இடது ஓரத்தில் பெரியத்தை இருக்கிறார். மிச்சக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டிருந்தவரை யாரோ கூப்பிட, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கடைசியாக ஓடிவந்து நின்றார். கார்த்திகையில் அவர் தவறிவிட்டார். அஞ்சலி போஸ்டருக்குப் படம் வேண்டும். வீட்டில் இருந்த ஏழெட்டு போன்களையும் தேடினோம். அத்தை எடுத்துக் கொடுத்த படங்கள் இருந்தன, அத்தை சமைத்த சாப்பாட்டின் படங்கள்கூட இருந்தன. அத்தை இருக்கிற படம் என்று பார்த்தால், நான் எடுத்த அந்த குரூப் போட்டோ ஒன்றுதான். அதைப் பெரிதாக்கிப் பார்த்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கேட்டார்: "வேற படம் இல்லையா தம்பி?"

கடைசியில் ஆதார் அட்டைப் படத்தை ஸ்கேன் செய்து போட்டோம். ஆதார் படத்தில் நாமெல்லாம் எப்படி இருப்போம் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தக் கட்டுரை அந்தக் குற்றவுணர்ச்சியில் எழுதுவதுதான், மறைக்கவில்லை. ஆனால், அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீட்டு குரூப் போட்டோக்களை உட்கார்ந்து பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. ஓரத்தில் நிற்பவர்கள் தற்செயலாக அங்கே வருவதில்லை. அடுப்படியிலிருந்து கடைசியாக வருகிறவர்கள், "நல்ல காரியத்துல நான் எதுக்கு" என்று ஒதுங்குகிற விதவைப் பெண்கள், புதிதாக வந்த மருமகள், யாரோடும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா. நடு நாற்காலி யாருக்கு என்பதில் நம் வீடுகளில் குழப்பமே வராது. மிச்ச ஆட்கள் தாங்களாகவே ஓரத்துக்குப் போய்விடுவார்கள். போன் கேமராவும் சரியாக அந்த ஓரத்தில்தான் சொதப்புகிறது.

உச்சி வெயிலும் 0.5-உம்

முதலில் அந்த 0.5. அது அகலமான காட்சியைப் பிடிக்கிற லென்ஸ். அவ்வளவு அகலத்தை ஒரு தட்டையான படத்தில் நேர்கோடுகள் வளையாமல் காட்ட வேண்டுமென்றால், நடுவில் இருப்பது அப்படியே இருக்கும், விளிம்பை நோக்கிப் போகப்போக எல்லாம் வெளிப்பக்கமாக இழுபடும். சுவரோ மரமோ இழுபட்டால் நம் கண் மன்னித்துவிடும். முகம் இழுபட்டால் உடனே தெரியும். தலை முட்டை மாதிரி சாயும், தோள் அகலும். "நான் இவ்ளோ குண்டாவா இருக்கேன்?" என்று ஓரத்தில் நின்ற அத்தனை பேரும் கேட்பது இதனால்தான். சில போன்கள் ஓரத்து முகங்களை மட்டும் சரிசெய்யப் பார்க்கின்றன. அதை நம்பி நிற்க முடியாது.

இதற்குச் செலவில்லாத தீர்வு, பின்னால் போவது. பத்தடி, பதினைந்தடி பின்னால் நடந்து 1-இல் எடுங்கள். இடம் இருந்தால் இன்னும் பின்னால் போய் 2-இல் எடுங்கள். திறந்தவெளியில் எடுப்பதன் பெரிய லாபமே இதுதான், பின்னால் போக இடம் இருக்கும். எனக்குப் பின்னால் அன்றைக்கு ஒரு பொட்டலே கிடந்தது. வெயிலில் நடக்கச் சோம்பேறித்தனம்.

அடுத்தது வெயில். தமிழ்நாட்டில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு முறை. சென்னை அளவில் ஏப்ரல் கடைசி வாக்கிலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். தெற்கே போகப்போக நாள் கொஞ்சம் மாறும். அதாவது சித்திரை, ஆவணி. காதுகுத்தும் கல்யாணமும் குவிகிற மாதங்கள்! நேர் மேலேயிருந்து ஒளி விழும்போது புருவத்தின் நிழல் கண்ணில் விழும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழி. மாநிறமும் கறுப்புமாக இருக்கிற நம் ஆட்களின் முகங்களும், வெள்ளை வேட்டியும், ஜரிகையும் ஒரே சட்டகத்தில் இருந்தால் கேமரா எதையாவது ஒன்றைத்தான் காப்பாற்றும். பெரும்பாலும் வேட்டியை.

"சரி, மரத்தடிக்குப் போலாம்" என்பார்கள். வேப்பமர நிழலில் ஒரு சிக்கல் உண்டு. இலை இடுக்கு வழியாக வெயில் புள்ளிப் புள்ளியாக விழும். ஒருத்தருக்கு நெற்றியில், இன்னொருத்தருக்குக் கன்னத்தில். சாமியானா பந்தலுக்குள் நின்றால், பச்சைத் துணிக்குப் பச்சை முகம், சிவப்புத் துணிக்குச் சிவப்பு முகம். நல்ல இடம் எதுவென்றால், கட்டடத்தின் நிழல். கோயில் மதிலோ, மண்டபமோ, மாடி வீடோ, அதன் நிழல் தரையில் விழுகிற பக்கமாக எல்லாரையும் நிறுத்தி, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி வையுங்கள். ஒளி மெத்தென்று விழும், யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். உச்சி வேளையில் அந்த நிழலும் கிடைக்காது என்பதால்தான் காலையிலேயே எடுங்கள் என்கிறேன்.

கண்ணைச் சுருக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும், ஒரு குரூப் போட்டோவில் யாருமே கண்ணை மூடாமல் இருக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கு 2006-ஆம் ஆண்டின் கணிதத்துக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்குத் தருகிற பரிசு அது. சூத்திரம் எளிமையானது: 20 பேருக்குள் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆள் எண்ணிக்கையை மூன்றால் வகுங்கள், மங்கலான வெளிச்சத்தில் இரண்டால் வகுங்கள். 18 பேர் என்றால் வெளியில் ஆறு படம். 30 பேரை மங்கலில் எடுத்தால் சுமார் 30 படம் வேண்டும். 50 பேரைத் தொட்டுவிட்டால் நல்ல வெளிச்சத்திலும் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். 47 பேருக்கு நான் எடுத்தது மூன்று.

கேமரா யார் கையில்?

என் தாத்தா காலத்து குரூப் போட்டோ ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. வீட்டு முற்றத்தில் பெஞ்சும் நாற்காலியும் போட்டு, பின்னால் ஜமக்காளம் கட்டி எடுத்தது. பெரியவர்கள் நாற்காலியில், பொடிசுகள் தரையில் சம்மணம் போட்டு, மற்றவர்கள் பின்னால் நின்றுகொண்டு. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. ஆனால் அத்தனை முகமும் தெளிவு. டவுனிலிருந்து போட்டோகிராபரை வரவழைத்தால் காசு, ஃபிலிமும் காசு. இரண்டு படத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அதனால் எடுப்பதற்கு முன்பு ஆள் எண்ணுவார்கள். "மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவன் வரட்டும்" என்று காத்திருப்பார்கள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பியவர்களையும் இழுத்துவந்து உட்காரவைப்பார்கள். முக்கியமான இன்னொன்று, படம் எடுப்பவர் வெளியாள். அதனால் குடும்பம் முழுதாகச் சட்டகத்துக்குள் இருந்தது.

இப்போது எடுப்பது வீட்டு ஆள். எந்தப் படத்திலும் ஒருத்தர் குறைவார். அது யார் என்று கவனித்திருக்கிறீர்களா? சில வீடுகளில் என்னை மாதிரி "போட்டோ எடுக்கத் தெரிஞ்ச பையன்". சில வீடுகளில் வேறு சாதியிலிருந்து கட்டிவந்த மருமகள். "நீ நல்லா எடுப்பியேம்மா, நீயே எடு" என்று போனைக் கொடுத்துவிடுவார்கள். வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படத்தில் அவள் இல்லை. எங்கள் வீட்டில் இப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டைமர் எல்லா போனிலும் இருக்கிறது. ஒரு டிரைபாட், அது இல்லையென்றால் வேன் பானட், தண்ணி டிரம், எதன் மேலாவது போனைச் சாய்த்துவைத்து 10 விநாடி வைத்தால் போதும். அல்லது வேன் டிரைவரிடம் கொடுங்கள். 2024-இல் வந்த பிக்சல் 9-இல், எடுத்தவரையும் பிறகு படத்துக்குள் சேர்க்கிற வசதி வந்துவிட்டது. அதற்கு முந்தைய பிக்சல் 8, அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து ஆளுக்கொரு நல்ல முகத்தைப் பொறுக்கி ஒன்றாக ஒட்டித் தருகிறது. மூடிய கண்ணைத் திறக்கிற வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. எடுத்தவரை உள்ளே கொண்டுவருவதும் நல்லதுதான், அவர் நிஜமாகவே அங்கே இருந்தவர். ஆனால், அன்றைக்குக் கோபமாக இருந்த சித்தப்பா படத்தில் சிரிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

செயற்கை நுண்ணறிவை நாங்களும் முயற்சி செய்யாமல் இல்லை. பெரியத்தையின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒரு ஆப்பில் கொடுத்தோம். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. மூக்குத்தி போட்ட தடம் இல்லை, தாடையில் இருந்த மரு இல்லை, தோல் பட்டுப்போல இருந்தது. "இது யாரு, சீரியல்ல வர்ற பொம்பளையா?" என்று அப்பா கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். படத்தில் இல்லாத விவரத்தை அந்த ஆப் எங்கிருந்து கொண்டுவரும்? தான் பார்த்த வேறு ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்துத்தான் வரையும்.

எடுத்தாச்சு, அப்புறம்?

அந்த விவரம் எங்கே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, போனில் இடமில்லை என்று ஒரிஜினலை அழித்துவிட்டேன். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும், நீளவாக்கில் சுமார் 1600 பிக்சல். அதில் வானமும் பொட்டலும் போக, ஒரு வரிசையில் 18 பேர் நின்றால் ஒரு முகத்துக்கு 25 பிக்சல் தேறுவதே அதிகம். அதை வைத்து இரண்டடி போஸ்டர் அடிக்க முடியாது. 2023-இல் வந்த எச்.டி. வசதி இதைவிடப் பரவாயில்லை, அதுவும் சுருக்கத்தான் செய்யும். அப்படியே முழுசாகப் போக வேண்டுமென்றால், படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். இரண்டு தட்டு கூடுதல், அவ்வளவுதான்.

பிரிண்ட் போடுவது பழைய பாணி என்று நினைப்பீர்கள். புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் கீழ், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. குடும்பங்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டன என்பதற்கு அவை ஆவணம். அவ்வளவு வருடம் கழித்தும் அவை கிடைத்ததற்குக் காரணம், அவை கண்ணாடியிலும் காகிதத்திலும் இருந்தது. பிரிண்டின் பின்பக்கம் மென்மையான பென்சிலில், அழுத்தாமல், பெயர்களை எழுதிவைத்தால் இன்னும் நல்லது. எங்கள் சுவர்ப் படத்தில் வலது ஓரத்தில் நிற்கிற பெண் யார் என்று இன்றைக்கு வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. பெரியத்தைக்குத் தெரிந்திருக்கும்.

வருகிற வைகாசியில் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், வீட்டிலேயே. குடும்ப குரூப்பில் இப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன்: காலை 7.30, டிபனுக்கு முன்னாடி, வீட்டுக்கு மேற்குப் பக்கம், அங்கே அந்நேரம் நிழல் இருக்கும். சமையல் மாஸ்டரிடமும் சொல்லியாயிற்று, அந்தக் கால் மணி நேரம் எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருத்தரும் அடுப்படிப் பக்கம் இருக்கக் கூடாதென்று. எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். சித்தி மட்டும் எழுதியிருக்கிறார்: "திங்கக்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிருமேப்பா."

ஏழே காலுக்கு மாற்றிவிட்டேன்.