எகிப்துக்குப் போகிற வழியில் சுசீந்திரம்

கொடுங்கனவாய் மாறிய ஒரு சமூகத்தைக் காட்டும் டிஸ்டோப்பியா நாவல் தமிழில் இல்லை. எழுதுவதற்கான கற்பனை நமக்குக் கிடையாது, வர்க்கப் பார்வை அதைவிடக் கிடையாது. அரபு எழுத்தாளர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நாகர்கோவில் இலக்கியக் கூட்டங்களில் இந்தப் பேச்சைப் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். பேசுகிறவர் மாறுவார், பேச்சு மாறாது. அண்மையில் ஒருவர் மறுபடி முழங்கினார். கைதட்டல் வேறு. இராஜாக்கமங்கலத்துக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிடக்கூடாதே என்று எழுந்து வந்துவிட்டேன். பதிலை இங்கே வைக்கிறேன்.

அரபு வசந்தம் தோற்றது, அந்த விரக்தியில் டிஸ்டோப்பியா பிறந்தது, நமக்கு அப்படியொரு புரட்சியும் இல்லை, தோல்வியும் இல்லை என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குச் சான்றாக அவர் எடுத்து வீசிய நாவல் எகிப்திய எழுத்தாளர் அகமது காலித் தவ்ஃபீக்கின் ‘யுடோப்பியா’. அது வெளிவந்தது 2008-இல். கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஜனம் திரண்டது 2011-இல். புரட்சி தொடங்குவதற்கு மூன்று வருடம் முன்னாலேயே அது தோற்ற சோகத்தில் நாவல் எழுதி முடித்துவிட்டார் போலிருக்கிறது.

அந்த நாவலில் நடப்பது என்ன? 2023-ஆம் வருடம். மத்தியதரைக் கடலோரம் பணக்காரர்கள் சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே வாழ்கிறார்கள். காவலுக்கு அமெரிக்கப் படையில் இருந்தவர்கள். சுவருக்கு வெளியே மிச்ச எகிப்து. அவர்களுக்கு ‘மற்றவர்கள்’ என்று பெயர். உள்ளேயிருக்கும் பையன் ஒருவன் பொழுது போகாமல் வெளியே வருகிறான், ஏழை ஒருவனை வேட்டையாடி வெட்டிய கையை நினைவாக எடுத்துப்போக. யார் எங்கே நடமாடலாம், யாருடைய உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு கேள்விகளின் மேல்தான் நாவல் நிற்கிறது.

இது நாஞ்சில் நாட்டுக்காரனுக்குப் புதுசா? எங்கள் ஊர்ச் சாதிக் கட்டுப்பாடுகளை எடுத்துச் சொன்னால் உடனே அடுத்த ஆட்சேபம் வரும்: “அதெல்லாம் நடந்தது, வரலாறு. டிஸ்டோப்பியா என்றால் எதிர்காலத்தில் நடக்க வேண்டும்.” இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

இன்ன சாதிக்காரன் இன்ன சாதிக்காரனிடமிருந்து இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று தூரத்துக்குக் கணக்கு வைத்திருந்த நாடு, அன்று எங்கள் நாஞ்சில் நாட்டை ஆண்ட திருவிதாங்கூர். அடிமைகளுக்கு விடுதலை என்று அரசு பிரகடனம் செய்ததே 1855-இல்தான். நாடார் பெண்கள் மாராப்புப் போடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து 1820-களில் மூண்ட தோள்சீலைக் கலகம் 1859 வரை இழுத்தது. அந்த வருடம் வந்த பிரகடனமாவது ஒழுங்காக வந்ததா? மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற பாணியில் உடுத்தக்கூடாது என்றது. சீலையை எப்படிச் சுற்ற வேண்டும் என்பதற்கு ராஜாவின் உத்தரவு! இதை ஒருவன் கற்பனையாக எழுதிக் கொடுத்திருந்தால், நம்பும்படி இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். 1926-இல் சுசீந்திரத்தில் எம்.இ. நாயுடு தலைமையில் சத்தியாகிரகம் செய்தார்களே, அது எதற்கு? கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் கால் வைப்பதற்கு. கோயிலுக்குள் போக 1936 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தவ்ஃபீக்கின் பணக்காரர்களுக்குச் சுவரும் துப்பாக்கியும் தேவைப்பட்டன. இங்கே செலவே இல்லாமல் காரியம் நடந்திருக்கிறது.

நாளைக்கு இப்படி ஆகிவிடுமோ என்று நடுங்குவதற்கு, இன்றைக்கு அப்படி ஆகாத வீட்டில் இருக்க வேண்டும். ஆகிவிட்டவன் எழுதினால் அதை யதார்த்தவாதம் என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு டிஸ்டோப்பியா அலமாரி காலியாக இருக்கிறதே என்று மேடையில் அழுகை.

ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ 2003-இல் வந்தது. போத்திவேலு பண்டாரம் உடல் ஊனமுற்ற பிச்சைக்காரர்களை வாங்குகிறார், விற்கிறார், பழனிக்குக் கொண்டுபோய் உட்காரவைத்துக் காசு பார்க்கிறார். அவருக்கு அவர்கள் ‘உருப்படி’கள். முத்தம்மை பெற்றுக்கொண்டே இருக்கிறாள், பிள்ளைகளும் சரக்கு. பண்டாரமோ பக்திமான், பெண்மக்களைக் கட்டிக்கொடுக்கக் கவலைப்படும் பாசமுள்ள தகப்பன். அரக்கனாக இருந்திருந்தால் வாசகனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். எகிப்துப் பையன் ஒரு கையோடு திருப்திப்பட்டான். பண்டாரத்தின் கணக்கில் ஊனம்தான் முதலீடு. பேச்சு முழுக்க எங்கள் பக்கத்து மொழி. எங்கள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் கேட்கிற குரலில் இதைப் படிக்கிறவனிடம் போய், வர்க்கக் கொடுமையை எழுத எகிப்திடம் பாடம் கேள் என்கிறார்கள்.

அரசாங்கம் என்ற பூதம் தமிழில் இல்லையாம். எகிப்தின் பஸ்மா அப்தெல் அஸீஸின் ‘வரிசை’ (2013) நாவலில் உடம்பில் குண்டு பாய்ந்த யஹ்யா, அதை எடுக்கும் அனுமதிக்காகத் திறக்காத வாசலுக்கு முன்னால் நிற்கிறான். குண்டே சுடப்படவில்லை என்கிறது அதிகாரம். பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யில் (2016) ஒரு ஆட்டுக்குட்டிக்குக் காது குத்திப் பதிவு செய்ய ஜனம் வரிசையில் நிற்கிறது, குட்டி எங்கிருந்து வந்தது என்ற விசாரணைக்கு நடுங்குகிறது. 2017-இல் ஓகிப் புயல் அடித்தபோது, காணாமல் போன மீனவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் கரையில் சொன்ன கணக்கும் அரசு சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. காணாமல் போன தன் வீட்டு ஆள் காணாமல் போனான் என்று ஒப்புக்கொள்ளவைக்க அலைந்த மீனவப் பெண்களுக்கு இரண்டு நாவலும் சட்டென்று விளங்கும்.

நம் பிரச்சினை சாதிதானே, வர்க்கம் இல்லையே என்பாரும் உண்டு. பனையேறியின் கூலியையும் குத்தகைக்காரனின் நெல்லையும் நேரில் பார்த்திருந்தால் இப்படிப் பிரித்துப் பேசமாட்டார்கள்.

கடைசியாக, கற்பனைப் பஞ்சம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது: ஜீவா என்ற தலைவரின் ஆட்சி, பிள்ளை பெற அரசாங்க அனுமதி. வர்க்கம் அதில் மெலிவுதான். ஆனால் பேச்சாளர் அதை ஒதுக்கும் காரணம் வேறு: வாரப் பத்திரிகைச் சரக்காம், ஜனரஞ்சகமாம். அவர் தலையில் வைத்து ஆடும் தவ்ஃபீக் யாரென்று நினைக்கிறார்? மருத்துவர், பேய்க்கதையும் திகில் கதையும் பாக்கெட் நாவல் வரிசையாக எழுதிக் குவித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர். கெய்ரோவில் அச்சான பாக்கெட் நாவலுக்கு மட்டும் வீசை கூடுதல் போலும்.