சுங்குவார்சத்திரத்திலிருந்து எவ்வளவு நேரம்?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 270 கிலோமீட்டர். ஜெட் விமானத்தின் முழு வேகத்துக்கு அது இருபது நிமிடச் சொச்சம்தான். ஆனாலும் அட்டவணையில் ஒரு மணி நேரம் போடுகிறார்கள். ஓடுதளம் வரை ஊர்வது, மேலேறுவது, இறங்க முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். இந்த ஒரு மணி நேரமும் சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து நம் தொழிற்பேட்டைக்காரருக்கு உண்மை சொல்வதில்லை. இரண்டு விமான நிலையங்களையும் வரைபடத்தில் நேர்கோட்டால் இணைத்தால், கோடு ஸ்ரீபெரும்புதூரை ஒட்டியே போகிறது. மேற்கே போக வேண்டியவர் முதலில் பூந்தமல்லி நெரிசலிலோ, ஒரகடத்துக்காரரானால் படப்பை, வண்டலூர் வழியாகவோ கிழக்கே வந்து, சோதனை வரிசைகளைக் கடந்து, பிறகு தன் ஊர்ப் பக்கமாகவே திரும்பிப் பறக்கிறார். பயண நேரத்தைத் தீர்மானிப்பது தரை என்பதே என் வாதம்.

இதற்கு வலுவான சான்று சரக்குப் பக்கம் இருக்கிறது. அமெரிக்க இறக்குமதி வரியை முந்திக்கொள்ள, 2025 மார்ச் முதல் ஆப்பிள் நிறுவனம் தனி விமானங்களை அமர்த்தி 600 டன் ஐபோன்களை இந்தியாவிலிருந்து அனுப்பியதாக அந்த ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. சென்னை விமான நிலையத்தில் சுங்க அனுமதிக்கு ஆகும் நேரத்தை 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்க அந்த நிறுவனம் முயன்றதையும் அதே செய்தி சொன்னது. மிச்சமாகும் 24 மணி நேரத்தில் ஒரு விமானம் ஃபிராங்க்ஃபர்ட் போய்த் திரும்பிவிடும். புது ஓடுதளமோ வேகமான விமானமோ இல்லாமல், காகிதம் நகரும் வேகத்தை மாற்றினாலே இவ்வளவு கிடைக்கும் என்றால், மற்றக் காலங்களில் சிறு ஏற்றுமதியாளரின் பெட்டிகள் ஏன் காத்துக்கிடக்க வேண்டும்? இந்தச் சலுகை ஒரு பெரிய நிறுவனத்தோடு நின்றுவிடக் கூடாது.

ஒரகடத்தில் டெய்ம்லர் லாரி ஆலை இருக்கிறது; அங்கிருந்து ஜெர்மனி போகும் பொறியாளருக்குப் பத்து மணி நேரப் பறப்புதானே பெரிது என்று கேட்கலாம். பெரிதுதான். ஆனால் ஏறக்குறைய 7,600 கிலோமீட்டரை நம்மால் சுருக்க முடியாது. தரையில் போகும் மணிகளைச் சுருக்க முடியும். அதற்காகத்தானே பரந்தூரில் புது விமான நிலையம் வருகிறது என்பது அடுத்த மறுப்பு. மீனம்பாக்கத்தில் இடம் போதவில்லை என்பதும், இன்னொரு விமான நிலையம் தேவை என்பதும் வலுவான நியாயங்கள்; அவற்றை நான் மறுக்கவில்லை. நெருக்கம் என்ற நியாயத்தைத்தான் ஏற்க முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் இரண்டுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. பரந்தூருக்குப் போகும் சாலையும் சரக்கு முனையத்தின் நடைமுறையும் இன்றுள்ளபடியே இருந்தால், கிலோமீட்டர் கணக்கில் பெரிய லாபம் வராது. மறுபுறம், பரந்தூர்த் திட்டத்துக்கு நிலம் கேட்கப்படும் ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் தங்கள் வயலுக்கும் ஏரிக்கும் போராடி வருகிறார்கள். அவர்களிடம் நிலம் கேட்கும் அரசு, சுங்குவார்சத்திரத்து ஆலை வாசலிலிருந்து விமானம் கிளம்பும்வரை இன்று எத்தனை மணி நேரம், பரந்தூரில் எத்தனை மணி நேரம் என்று, சாலை, சுங்கம், சோதனை எனப் பிரித்து வெளியிட வேண்டும். அதுவும் நிலம் கைமாறி முடிவதற்கு முன்பே.