பார் தகராறை அடக்க லத்தி போதாது, பயிற்சி வேண்டும்!

"என்னடா முறைக்கிறே?"

பார் சண்டைக்கு இந்த ஒரு கேள்வி போதும். அடுத்த நிமிஷம் நாற்காலி பறக்கும். பீர் பாட்டில் உடையும். மண்டை பிளக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு என்று இரண்டு குடும்பங்கள் அலையும்.

போலீஸ் வருவது எல்லாம் முடிந்த பிறகுதான். தகராறு முளைக்கும்போதே பக்கத்தில் நிற்பவர் யார்? தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் சப்ளையர்தான்! அந்த நேரத்தில் என்ன செய்வது என்று அவருக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

3 மணி நேரப் பாடம்

கனடாவில் டொரண்டோ நகரில் சொல்லிக் கொடுத்தார்கள். 2000 முதல் 2002 வரை அங்கே ஒரு சோதனை நடந்தது. 18 பெரிய பார்களின் ஊழியர்களுக்கு 3 மணி நேரப் பயிற்சி. 12 பார்களுக்குப் பயிற்சி இல்லை.

பாடம் சாதாரணம்தான். வாய்ச்சண்டை முற்றும் முன்பே தலையிட வேண்டும். ஆத்திரத்தில் இருப்பவரிடம் தானும் ஆத்திரப்படக் கூடாது. ஒற்றையாகப் போகாமல் சக ஊழியரோடு போக வேண்டும்.

பலன்? பயிற்சி பெறாத பார்களோடு ஒப்பிட்டால், பெற்ற பார்களில் அடிதடி குறைந்தது. ஆனால் மானேஜரும் வாசல் காவலாளியும் அடிக்கடி மாறிய இடங்களில் அந்தப் பலன் மங்கிப்போனது.

சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 1996-ல் இன்னொரு திட்டம் தொடங்கியது. போதை தலைக்கேறியவருக்கு மேலும் ஊற்றாதிருக்க ஊழியருக்குப் பயிற்சி. மீறும் பார் மீது அதிகாரிகளின் கிடுக்கிப்பிடி. திட்டம் நடந்த பகுதியில் வன்முறைக் குற்றம் 29 சதவீதம் குறைந்தது.

இங்கே என்ன சிக்கல்?

தமிழ்நாட்டில் 2003-ல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கைக்கு வந்தது. கடையில் பாட்டில் விற்பவர் டாஸ்மாக் ஊழியர். ஒட்டியிருக்கும் பாரில் கிளாசும் சுண்டலும் கொடுப்பவர் டெண்டர் எடுத்தவரின் ஆள். இவர் "போதும் அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்றாலும், அந்தப் பக்கம் கவுண்ட்டரில் இன்னொரு குவார்ட்டர் வாங்கிவிடலாம்!

ஆகவே இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துப் பயிற்சி தர வேண்டும். டிப்ஸை நம்பி வேலை பார்க்கும் பையன் நிலைத்து நிற்க ஒழுங்கான சம்பளமும் வேண்டும். இல்லாவிட்டால் டொரண்டோவில் பார்த்த கதைதான். படித்தவன் போய்விடுவான், பாடமும் கூடவே போய்விடும்.

குடியே கூடாது என்பவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் பார் திறந்திருக்கும் வரை, உள்ளே போகிறவன் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டாமா?

பார் டெண்டரில் இந்தப் பயிற்சியையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கட்டும். செலவு 3 மணி நேரம். ஒரு மண்டை தப்பினாலும் லாபம்தான்!