மைத்துனர் சொத்து

உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிறவர்கள்தாம் சொத்துக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கும் நல்லவர்கள் இருக்கிறார்கள். அந்த நல்லவர்களோடுதான் எனக்குச் சண்டை.

2002-இல் உச்ச நீதிமன்றம் பாராளுமன்ற, சட்டசபை வேட்பாளர்களுக்கு விதித்த முறை, பிறகு பஞ்சாயத்துக்கும் வந்தது. தாம், தம் மனைவி அல்லது கணவர், தம்மை அண்டி வாழ்வோர் பேரிலுள்ள நகை, நிலம், கடன் எல்லாம் எழுத வேண்டும். அதோடு படிவம் முடிந்துவிடுகிறது. ஆனால், மடியில் கனமுள்ள எந்த மனிதர் ஐயா தம் பேரில் நிலம் வாங்குகிறார்? மைத்துனர் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்?

பஞ்சாயத்து ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் அதில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். அது வாசலில் காவல் நிற்கிறது. மைத்துனர் கொல்லைப்புறமாக வந்து சாலை போட்ட பில்லுக்குப் பணம் வாங்கிக்கொண்டு போகிறார்.

இந்தச் சங்கதி நம் பாட்டன்மாருக்குத் தெரியாததல்ல. உத்தரமேரூர்க் கோயில் சுவரில், பராந்தக சோழன் காலத்தில், 921-இல் வெட்டிய கல்வெட்டைப் பாருங்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது. அவன் மகன், மருமகன், மாமனார், சித்தி பெரியம்மை பிள்ளைகள், சகோதரியின் கணவன், மனைவியின் சகோதரன் ஆகியோர் பெயரும் கூடாது! உறவுமுறை அறிந்தவன் எழுதிய சட்டம் அது. (அது பிராமணர் சபை; கால் வேலி நிலமில்லாதவனுக்கு அதில் பொதுவாக இடமில்லை. அந்தச் சபையை மீட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.)

உறவினன் செய்த பாவத்துக்கு இவரைத் தண்டிப்பதா என்று கேட்பார்கள். தண்டிக்கச் சொல்லவில்லை, சொல்லச் சொல்கிறேன். ஒரு சர்க்கார் குமாஸ்தா அரைக் கிரவுண்டு மனை வாங்கினால் மேலிடத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். அவருக்கில்லாத மானம் தலைவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஒப்பந்தம் கொடுக்கும் தீர்மானத்தின் அடியில், 'எடுத்தவர் எனக்கு இன்ன உறவு' என்று தலைவரும் உறுப்பினர்களும் ஒரு வரி எழுதட்டும். கிராம சபை கூடுகிற நாளில் அந்தத் தாளைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். சுவர் இருக்கிறது. பசைக்குக் காசு இல்லையென்றால் நான் தருகிறேன்.