மெல்லப் படித்தலும் கூடி ஆராய்தலும்

இக்காலத்து மாணவர்க்கு நூல்கள் குறைவில்லை; நூலோடு தங்கும் பொறுமையே குறைவு. கதையாயின் முடிவறியும் ஆவலால் கடைசிவரை வாசிக்கின்றோம். சரித்திரம், சுயசரிதை, விஞ்ஞானம் முதலிய வசன நூல்களையோ, பரீட்சைக்கு வேண்டுவனவற்றைத் திரட்டிக்கொண்டு மூடிவிடுகின்றோம். ஆயினும், கதையல்லாத நூலே மெல்லப் படித்தற்கும் பலர் கூடி ஆராய்தற்கும் மிக உரியது என்பது நமது அபிப்பிராயம். அத்தகைய நூல் 'இஃது உண்மை' என்று நம்மிடம் சொல்லுகின்றது. அதனை ஆராயாது ஏற்போமாயின், பிறர் கருத்தைச் சுமப்போமேயன்றி நமக்கென ஓர் அறிவைப் பெறமாட்டோம்.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1950இல் நூலாயிற்று. அதிலுள்ள ஒரு நிகழ்ச்சி இங்கே நினைக்கத் தக்கது. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராயிருந்த ஐயரவர்கள், சேலம் இராமசுவாமி முதலியாரைச் சென்று கண்டார்கள். தாம் கற்ற நூல்களை வரிசையாகச் சொல்லியும் முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்றே வினவினார். பின்னர் இருவரும் அந்நூலைச் சேர்ந்து படித்தனர். சைன சமயக் கருத்துக்கள் விளங்காத இடங்களில், ஐயரவர்கள் அவ்வூர்ச் சைனரை நாடிச் சென்று கேட்டறிந்தார்கள். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அது செய்யுள் நூலேயாயினும், படித்த முறை எல்லா நூலுக்கும் பொருந்தும். அறிந்தவரிடம் சென்று கேட்கப் பெரும்புலவரும் நாணவில்லை.

இம்முறையை நாம் கைக்கொள்ளச் செண்பகத்தோப்பு ஒரு நல்ல களம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்திலுள்ள அவ்விடத்திற்கு நம்மில் பலர் விடுமுறையில் உல்லாசமாய்ச் சென்று மீள்கின்றோம். சாம்பல் நிற மலையணிலைக் காக்கும்பொருட்டு 1988இல் அக்காடு சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. அவ்வணில் தரையில் இறங்குவது அரிது; கிளைவழியே மரம்விட்டு மரம் செல்லும் என இயற்கை நூல்கள் கூறும். இவ்வொரு வாக்கியத்தை அம்மரநிழலில் இருந்து படித்து, அண்ணாந்து நோக்குவோமாக. கிளைத்தொடர் அறுந்தால் அணில் எவ்வாறு கடக்கும்? மரம் வெட்டுவோன் பிழைப்புக்கு வழி யாது? ஒருவர் வினவ, மற்றவர் மறுக்க, ஒரு வரி ஒரு மாலைப்பொழுதை நிரப்பும். அங்கு வாழும் பளியர் முதியோரிடம் பணிந்து கேட்போமாயின், நூலாசிரியர் எழுதாததும் விளங்கும்.

பாடச்சுமையிடையே இதற்கு நேரமேது என்பார் உளர். ஐவர் கூடுக, வாரத்திற்கு ஓர் அத்தியாயம் போதும். ஒவ்வொருவரும் ஓர் ஐயத்தோடு வருக. ஓராண்டில் ஒரு நூலே முடியினும் நட்டமில்லை. தம் கருத்தை நண்பர் மறுக்கும்பொழுது சினவாது கேட்கவும், நியாயம் கண்டவிடத்து மாற்றிக்கொள்ளவும் பழகியவரே கற்றவராவர். பட்டம் பெற்று வெளியேறிய பின்னும் நமக்கு உதவுவது அப்பழக்கமே.