அழுக்கின் சரித்திரம்

பொம்மை என்றால் பளபளவென்று இருக்க வேண்டும் என்பது பொது வழக்கு. கொலுவில் வைத்த செட்டியார் பொம்மையின் மீது சேறு தெறித்திருந்தால் நாம் சகிப்போமா? ஆயினும், பொம்மைக்கு அழுக்கேற்றுவதையே அரிய கலையாகப் பயிலுகிறவர்களும் இருக்கிறார்கள். யுத்த டாங்கிகளை 35-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்யும் அன்பர்களையே குறிப்பிடுகிறோம். இதை வீண் வேலையென்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை; ஏனெனில், இந்த அழுக்கைச் சரியாகப் பூசுவதற்குச் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும்.

ஜோஜி லா கணவாயில் போரிட்ட ஸ்டூவர்ட் டாங்கி ஒன்றை ஒருவர் செய்ய முற்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1948-ஆம் வருஷத்தில் லடாக்குக்குச் செல்லும் அவ்வழியைப் பகைவர் அடைத்திருந்தனர். செப்டம்பரில் நம் காலாட்படை நடத்திய தாக்குதல் பலிக்கவில்லை. 11,500 அடி உயரத்திலுள்ள அவ்விடத்துக்கு டாங்கிகளைக் கொண்டுசெல்ல ஜெனரல் திம்மையா துணிந்தார். ரகசியம் வெளிப்படாதிருக்கும் பொருட்டு, பீரங்கி பொருந்திய சுழல் கோபுரங்களைக் கழற்றிவிட்டு அவற்றை ஸ்ரீநகர் வழியாக நகர்த்தினார்கள். பால்டாலிலிருந்து மேலே சென்ற கோவேறு கழுதைப் பாதையை மதராஸ் ஸாப்பர்ஸ் படையினர் அகலப்படுத்திக் கொடுத்தனர். நவம்பர் 1-ந் தேதி 7-வது லைட் காவல்ரி டாங்கிகள் கணவாயில் புகுந்தன, வழி திறந்தது.

இனி அந்தச் சின்னஞ்சிறு டாங்கியைக் கவனிப்போம். அது ஒரு சாண் நீளங்கூட வராது. முதலில் ஆலிவ் வர்ணம். அது உலர்ந்தபின் பளபளப்பான வார்னிஷ். இலக்கங்களும் சின்னங்களும் அச்சிட்ட மெல்லிய படலத்தை நீரில் ஊறவைத்து, அவ்வார்னிஷ் மீது நழுவவிட்டு ஒட்ட வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால், அடியில் காற்றுத் தங்கி, படலம் வெள்ளிபோல் மினுங்கி, குட்டை வெளிப்படுத்திவிடும். பிறகு மங்கலான வார்னிஷ் பூசி மினுக்கத்தை அடக்குவார்கள்.

அழுக்குக்கு முறை இதற்குப் பின்னரே. நிஜ டாங்கியில் சின்னம் எழுதிய பிறகல்லவா புழுதி படிகிறது? ஆகவே, புழுதி சின்னத்தையும் மூட வேண்டும். மேனியெல்லாம் மண்ணாயிருக்க, இலக்கம் மட்டும் அப்போதுதான் எழுதியதுபோல் துலங்கினால் யார் நம்புவார்கள்? புகைப்படத்தில் காணாத இலக்கத்தை அழகுக்காகச் சேர்ப்பதும் கூடாது.

வர்ணம் உதிர்ந்த இடங்களைக் கடற்பஞ்சின் நுனியால் ஒற்றிக் காட்டுவார்கள். இங்கே கணக்கு அவசியம். பொம்மையில் ஒரு மில்லிமீட்டர் கீறல், நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர் காயம்! ஆகையால் வீரர்கள் கால்வைத்து ஏறும் விளிம்புகளிலும், திறந்து மூடும் கதவோரங்களிலும் மாத்திரம் சிறிது தேய்வு காட்டினால் போதும். உடலெங்கும் துருவை அள்ளிப் பூசுகிறவர்கள், போர்க்களத்து டாங்கியைப் பழைய இரும்புக் கடைச் சரக்காக்கிவிடுகிறார்கள். நாள்தோறும் வீரர்கள் பேணிய வாகனம் அது. ஸ்டூவர்ட்டின் சங்கிலிப் பட்டைகளில் ரப்பர் கட்டைகள் பொருத்துவது பெருவழக்கு. அத்தகைய கட்டைகளில் வெள்ளிப் பூச்சைத் தீட்டுவதும் பொருந்தாது.

சேறு தாராளமாக இருக்கலாம். ஆனால் சக்கரங்களிலும் அடிப்பாகத்திலும் இருக்கட்டும். அது வெறுஞ் சேறன்று. மதராஸ் ஸாப்பர்கள் குளிரில் வெட்டிய பாதையின் மண் அது. டாங்கியைச் செலுத்தியவர்களின் புகழ் ஓரளவேனும் பேசப்படுகிறது. பாதை வெட்டியவர்களை நினைப்பவர் குறைவு. ஒரு பொம்மையின் சக்கரத்தில் ஒட்டிய மண் அவர்களை நினைப்பூட்டுமானால், அந்த உழைப்பு வீண்போகவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இத்தகைய டாங்கி ஒன்றைச் செய்து கொண்டுவந்தால், "வர்ணம் நன்றாயிருக்கிறது" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். "இது எந்த ஊர்ச் சேறு, தம்பி?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், இருவருமாகச் சரித்திரப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.