லோனார் ஏரி கற்பிக்கும் பாடம்

மகாராஷ்டிரத்தின் புல்டானா மாவட்டத்திலுள்ள லோனார் ஏரி, ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டக் குழியில் அமைந்துள்ளது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்துண்டான பசால்ட் பாறை. ஆகவே, அறிஞர் பலர் இதனை நெடுங்காலம் எரிமலை வாயெனக் கருதியதில் வியப்பில்லை. ஆயின், தக்காணப் பாறை சுமார் 6.6 கோடி ஆண்டுப் பழமையுடையது. குழியோ அதனினும் மிக இளையது. பேரதிர்ச்சியினால் ஃபெல்ஸ்பார் கனிமம் கண்ணாடித் தன்மை எய்தும்போது மாஸ்கலினைட் உண்டாகிறது. எரிமலையால் அத்தகைய அழுத்தத்தை உண்டாக்க இயலாது. இப்பொருள் லோனாரில் இருப்பதை 1973-இல் வெளியான ஆராய்ச்சி காட்டவே, விண்கல் மோதற் கொள்கை உறுதிபெற்றது.

மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், 'இது விண்கல் ஏரி' என்று முடிவை மட்டும் கூறி அமைதல் போதாது. பழைய கருத்து ஏன் பொருத்தமாகத் தோன்றியது, எச்சான்று அதனை மாற்றியது என்பவற்றையும் விளக்குதல் வேண்டும். விஞ்ஞான மனப்பான்மை வளரும் வழி அதுவே.

அச்சான்று அங்குள்ள கற்களிலேயே அடங்கியுள்ளது. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறை இக்குழியைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது; 2020-இல் இது ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. எனினும், நினைவுப்பொருளென ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்துச் சென்றால், வருங்கால ஆராய்ச்சியாளருக்குச் சான்று எஞ்சாது. கண்டு, குறித்து, கல்லை அதனிடத்திலேயே விட்டு வருதல் நம் கடமையாகும்.